நன்கொடை கேட்கப் பயிற்சி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

நன்கொடையாளர் எதிரில் உட்கார்ந்து நலம் விசாரித்து, அமைப்பின் வேலையை விளக்கி, படங்களையும் காட்டி முடித்த பிறகு தொகையைச் சொல்ல வேண்டிய நிமிடம் வருகிறது. அங்கேதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு நிமிடத்தைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி ஒரு சந்தையே நடக்கிறது. பெரிய அரங்கில் ஒரு நாள் பயிலரங்கு, பத்துப் பேர் கூடி ஒத்திகை பார்க்கும் இரண்டு நாள் வகுப்பு, அச்சிட்ட வசன அட்டைகள், தனிப் பயிற்சியாளர், நன்கொடையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருள், செயற்கை நுண்ணறிவோடு பேசிப் பழகும் செயலி என்று பட்டியல் நீளம். சிறிய தொண்டு அமைப்பால் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் வாங்க முடியும்.

எல்லாவற்றையும் நாங்கள் ஒரே கேள்வியால் அளந்தோம். பயிற்சி முடிவதற்குள், கலந்துகொண்டவர் ஒரு குறிப்பிட்ட தொகையை ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து எத்தனை முறை வாய்விட்டுச் சொல்லியிருப்பார்? பத்துக்குக் குறைந்தால் அந்தப் பயிற்சி வெறும் சொற்பொழிவு.

இந்த அளவுகோலில் முதலில் விழுவது ஒரு நாள் பயிலரங்கு. எண்பது பேர், ஒரு மேடை, திரையில் வரிசையாகப் படங்கள். காலையில் தயக்கத்தை வெல்வது பற்றிய ஊக்கப் பேச்சு, மதியம் வெற்றிக் கதைகள், மாலையில் சான்றிதழ். தொகையை வாய்விட்டுச் சொன்ன தடவைகள்: பூஜ்யம். அந்த உற்சாகம் ஒரு வாரம் தாங்கும். இதில் கிடைக்கும் உருப்படியான சரக்கு இரண்டு மூன்று ஆய்வுச் செய்திகள்தான், அவற்றை இங்கேயே சொல்லிவிடலாம். ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெஸ்ஸா லேக் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நேரடியாக உதவி கேட்கப் போகிறவர்கள் எதிராளி சம்மதிக்கும் வாய்ப்பை 50 சதவீதம் வரை குறைத்தே கணிக்கிறார்கள். அதாவது கேட்பவரின் பயத்துக்கும் கேட்கப்படுபவரின் மனநிலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. பயனுள்ள செய்திதான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டதால் மட்டும் யாருக்கும் நாக்கு அவிழ்ந்துவிடாது. நீச்சல் தெரிந்தவர்கள் மூழ்குவது அரிது என்ற புள்ளிவிவரம் நீந்தக் கற்றுத் தருவதில்லை, அல்லவா?

வாங்கத் தகுந்தது சிறு குழு ஒத்திகை வகுப்பு. ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படும் எல்லாமே ஒத்திகை வகுப்பு அல்ல. நல்ல வகுப்பில் எட்டு முதல் பன்னிரண்டு பேர்வரை இருப்பார்கள். மும்மூன்று பேராகப் பிரிப்பார்கள்: ஒருவர் கேட்பவர், ஒருவர் நன்கொடையாளர், மூன்றாமவர் கவனிப்பவர். மூன்றாமவர் இல்லாத ஒத்திகை அரட்டையாகிவிடும். அவர் கையில் கடிகாரமும் ஒரு தாளும் இருக்க வேண்டும். உட்கார்ந்ததிலிருந்து தொகை வாயில் வர எத்தனை நிமிடம் ஆனது, யார் அதிகம் பேசினார்கள், தொகையைச் சொன்ன பிறகு கேட்பவர் எத்தனை விநாடி வாய்மூடி இருந்தார் என்ற மூன்றையும் எழுத வேண்டும். 'நல்லா பண்ணீங்க' என்பது கணக்கில் சேராது.

நன்கொடையாளராக நடிப்பவர் கையில் ஒரு சீட்டு இருப்பதும் அவசியம். அதில் கேட்பவருக்குத் தெரியாத ஒரு விஷயம் எழுதியிருக்கும்: 'போன வருஷம் கொடுத்த பணத்துக்கு ரசீதோடு சரி, வேறு தகவலே வரவில்லை', 'வீட்டில் கலந்து பேசாமல் முடிவு எடுக்க மாட்டார்', 'இந்தத் தொகை சம்மதம், ஆனால் ஆறு மாதம் கழித்துத்தான்'. சீட்டு இல்லாவிட்டால், கூடப் பயில்பவர் மேல் இரக்கப்பட்டு எல்லோரும் மூன்றாவது நிமிடத்தில் சரி என்று தலையாட்டிவிடுவார்கள். பெரும்பாலான ஒத்திகை வகுப்புகள் சொதப்புவது இந்த இடத்தில்தான். எளிதாகக் கிடைத்த பத்துச் சம்மதங்கள், உண்மையான முதல் மறுப்பின் முன்னால் ஒன்றுக்கும் உதவாது.

வகுப்பின் முதல் அரை நாள் பேச்சுக்கு அல்ல, கணக்குக்குப் போக வேண்டும். கேட்கும்போது குரல் நடுங்குவதற்குப் பாதிக் காரணம் கூச்சம் இல்லை, தொகை எங்கிருந்து வந்தது என்று தனக்கே தெரியாமல் இருப்பது. நல்ல பயிற்சியாளர் முதலில் ஒரு கொடை அட்டவணை போட வைப்பார். தேவை 10,00,000 என்றால் அதை ஆயிரம் பேரால் வகுப்பது ஏட்டுச் சுரைக்காய். நடைமுறையில் சிலர் அதிகமும் பலர் குறைவும் கொடுப்பார்கள். அதனால் 1,50,000 ஒருவர், 1,00,000 இருவர், 50,000 நால்வர், 20,000 பத்துப் பேர், 10,000 பதினைந்து பேர் என்று அடுக்கினால் 32 பேரிடமிருந்து 9,00,000 வருகிறது. மீதி 1,00,000 சிறு தொகைகளாக வரும். ஒவ்வொரு கொடைக்கும் மூன்று பேரையாவது பட்டியலில் வைத்தால் ஏறக்குறைய நூறு பெயர் வேண்டும். பட்டியலில் முப்பது பெயர்தான் தேறுகிறது என்றால் கோளாறு பேச்சில் இல்லை. இலக்கைக் குறைக்க வேண்டும், அல்லது ஒரு வருடம் ஆள் தேட வேண்டும். இதை முகத்துக்கு நேரே சொல்லும் பயிற்சியாளருக்குத் தாராளமாகக் கட்டணம் கொடுக்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கட்டம்: உறவு, வசதி, நாட்டம். அமைப்பில் யாரையாவது அவருக்குத் தெரியுமா? அந்தத் தொகை அவரால் முடியுமா? இந்த வேலையில் அவருக்கு அக்கறை உண்டா? மூன்றும் நிரம்பினால்தான் தொகையோடு போகலாம். வசதி மட்டும் உள்ளவரிடம் போய்ப் பெருந்தொகை கேட்டுவிட்டு, பணம் இருந்தும் கொடுக்கவில்லை என்று அலுத்துக்கொள்வது இந்தத் துறையின் நாள்பட்ட நோய். கேட்கப் போகிறவர் தன் சக்திக்கேற்ற ஒரு தொகையைத் தான் முதலில் கொடுத்திருக்கிறாரா என்பதையும் பயிற்சியாளர் விசாரிக்க வேண்டும். தான் கொடுத்த காரியத்துக்குக் கேட்பவரின் குரலே வேறாக இருக்கும்.

சந்திப்புக்கு நேரம் வாங்கும் தொலைபேசி அழைப்பைப் பல வகுப்புகள் தாண்டிப்போகின்றன. இது பெரிய ஓட்டை. 'சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு நினைச்சோம், சார்' என்று சொல்லி நேரம் வாங்கியவர், அங்கே போய்ப் பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை. அவருக்கே அது உள்ளுக்குள் தெரியும், நாக்கு ஒட்டுவது அதனால்தான். 'மாலை வகுப்புக்கு உங்க ஆதரவு கேட்கணும், அதுக்கு அரை மணி நேரம் வேணும்' என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும். விருப்பமில்லாதவர் தொலைபேசியிலேயே ஒதுங்கிக்கொள்வார். அதுவும் இரண்டு பக்கத்துக்கும் லாபம்.

இனி அந்த வாக்கியம். நல்ல வகுப்பு இரண்டாம் நாள் முழுவதையும் இதற்கே கொடுக்கிறது. நோக்கம், தொகை, கேட்பது என்ற மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும்: 'இருபது பிள்ளைகளோட ஒரு வருஷ மாலை வகுப்புக்கு அறுபதாயிரம் ஆகுது. இந்த வருஷம் அதை நீங்க ஏத்துக்கணும்னு கேட்கத்தான் வந்தோம்.' அவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

தமிழில் கேட்பவர்களுக்கு இங்கே சில தனிக் கண்ணிகள் உண்டு. பிற மொழியிலிருந்து பெயர்த்த பாடங்களை வைத்து நடத்தும் பயிற்சியாளர்கள் அவற்றைக் கவனிப்பதே இல்லை. முதலாவது, 'ஒரு'. 'ஒரு அறுபதாயிரம்' என்றால் தமிழில் சுமாராக அறுபதாயிரம், அதாவது பேரத்துக்குக் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். 'அறுபதாயிரம்' என்றால் அறுபதாயிரம்தான். எண்ணுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் அந்த 'ஒரு'வைக் கழற்றவே பலருக்கு ஆறேழு ஒத்திகை தேவைப்படும். 'வாக்கில', 'போல', 'கிட்டத்தட்ட' எல்லாம் இதே கூட்டம். இரண்டாவது, 'பார்த்துச் செய்யுங்க'. மரியாதையாகத் தெரியும் இந்தச் சொல் உண்மையில் கேட்பவரின் வேலையைக் கொடுப்பவர் தலையில் கட்டுகிறது. எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. குறைத்துக் கொடுத்தால் கௌரவக் குறைச்சல், கூட்டிக் கொடுத்தால் ஏமாந்த உணர்வு. பத்திரமாக ஒரு சிறு தொகையை நீட்டி அனுப்பிவிடுவார். மூன்றாவது, 'தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்'. கேட்கும் காரியம் தொந்தரவு என்று கேட்பவரே சாட்சி சொன்ன பிறகு, எதிரில் இருப்பவர் வேறெப்படி நினைப்பார்? கேட்பதற்கும் கையேந்துவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த மன்னிப்பில்தான் தொலைகிறது.

'இருபதாயிரத்திலேர்ந்து அறுபதாயிரம் வரைக்கும்' என்று வீச்சாகச் சொல்வதும் வேண்டாம். காதில் விழுவது இருபதாயிரம் மட்டுமே.

தொகையைச் சொன்னதும் மௌனம். வகுப்பின் தரத்தை இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்துவிடலாம். அடுத்த சொல் நன்கொடையாளருடையதாக இருக்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் வாயால் சொல்கிறார்கள், கடிகாரம் வைத்துப் பழக்குபவர்கள் குறைவு. பழகாதவருக்கு நான்காவது விநாடியிலேயே தொண்டை அரிக்கும். ஏழாவது விநாடியில் 'முடியலேன்னா பாதி குடுத்தாலும் போதும் சார்' என்று தானே விலையைக் குறைப்பார். எதிரில் இருந்தவர் மறுக்கவே இல்லை, மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை. ஐந்து, பத்து, பதினைந்து விநாடி என்று படிப்படியாக மௌனத்தை நீட்டிப் பழக்குவது சரியான முறை. முகம் இறுகாமல், மேசையைப் பார்க்காமல், பேனாவைத் திருகாமல் பதினைந்து விநாடி உட்காரத் தெரிந்தவர் தயார்.

பிறகு பதில் வரும். நேர்ப்பட 'இல்லை' என்று சொல்பவர்கள் நம்மிடையே குறைவு. வருவது 'பார்க்கலாம்', 'யோசிச்சுச் சொல்றேன்', 'இப்போ கொஞ்சம் டைட்டு'. மோசமான வகுப்பு இவற்றை மறுப்புகள் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மடக்கும் பதில் சொல்லித் தருகிறது. அது விற்பனை வித்தை. நல்ல வகுப்பு, எது இடிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறது. தொகையா, நேரமா, இந்தக் குறிப்பிட்ட வேலையா, அமைப்பின் மேல் நம்பிக்கையா என்ற நான்கில் ஏதோ ஒன்றாகத்தான் அது இருக்கும். 'யோசிங்க சார், அவசரமில்லை. எதைப் பத்தி யோசிக்கணும், தொகையைப் பத்தியா, இந்த வேலையைப் பத்தியா?' என்று கேட்டால் பெரும்பாலும் உண்மை வெளியே வரும். தொகை என்றால் தவணையாகப் பிரிக்கலாம். நேரம் என்றால் தேதி குறிக்கலாம். வேலை என்றால் அமைப்பின் வேறொரு பணியைப் பற்றிப் பேசலாம். நம்பிக்கை என்றால் அன்றைக்குப் பணப் பேச்சை நிறுத்திவிட்டு, கணக்கு அறிக்கையோடு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். எதுவானாலும் அடுத்துப் பேசும் நாளைக் குறிக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது. நாள் குறிக்காத 'பார்க்கலாம்' காற்றோடு போய்விடும்.

வசன அட்டைகள், மாதிரிப் பேச்சுத் தொகுப்புகள் பக்கம் வருவோம். விலை குறைவு என்பதால் அதிகம் விற்பது இவைதான். 'தாங்கள் அறுபதாயிரம் வழங்குவதைப் பரிசீலிக்க இயலுமா?' என்ற நடையில் எழுதியிருப்பார்கள். எந்த வீட்டுக் கூடத்திலும் யாரும் இப்படிப் பேசுவதில்லை. இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர் வசனம் மறந்த நடிகர் போலத் தெரிவார். அட்டையில் உள்ள கேள்விகள் மட்டும் சில சமயம் தேறும்: 'இந்த வேலையில உங்களுக்கு எப்படி ஈடுபாடு வந்தது?', 'இதுவரைக்கும் கொடுத்ததுல எது உங்களுக்கு மனநிறைவா இருந்தது?' இந்த மாதிரிக் கேள்விகளில் நாலைந்தை எடுத்துக்கொண்டு, நாற்பது நிமிடச் சந்திப்பில் முதல் பதினைந்து நிமிடத்தை அவர் பேச விட்டுவிடலாம். அதற்காக ஒரு பெட்டி அட்டை வாங்க வேண்டுமா என்பது வேறு விஷயம்.

இந்தத் தொகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு சூத்திரங்களைப் பற்றி எச்சரிக்கை. ஒன்று, 'ஒரு காசு கொடுத்தாலும் உதவும்' என்று சேர்த்துச் சொல்வது. ராபர்ட் சியால்டினியும் டேவிட் ஷ்ரோடரும் 1976-ல் வெளியிட்ட ஆய்வில் இது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அது வீடு வீடாகக் கதவைத் தட்டி, முன்பின் தெரியாதவர்களிடம் கேட்ட வசூல். தெரிந்தவரிடம் நேரம் வாங்கி, கணக்குப் போட்டுப் பெருந்தொகை கேட்கும் இடத்தில் இதைச் சொன்னால், சொன்ன தொகையைத் தானே அடித்துவிடுவதாக ஆகும். மற்றொன்று இணைக்கொடை, அதாவது நீங்கள் தருவதற்குச் சமமாக இன்னொருவர் தருவார் என்ற அறிவிப்பு. டீன் கார்லன், ஜான் லிஸ்ட் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே கொடுத்தவர்கள் 50,000 பேருக்கு மேல் கடிதம் போனது. இணைக்கொடை அறிவிப்பு இருந்த கடிதங்களுக்குக் கடிதம் ஒன்றுக்கு வந்த வருவாய் 19 சதவீதம் கூடியது. ஆனால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று உயர்த்தியதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஆகவே மூன்று மடங்கு தருபவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இல்லாத இணைக்கொடையை இருப்பதாகச் சொல்லச் சொல்லும் தொகுப்பு கையில் கிடைத்தால் குப்பைக்கூடைக்குப் போகட்டும்.

தனிப் பயிற்சியாளர் விலை உயர்ந்த வழி. நிர்வாகத் தலைவர் ஒருவரே எல்லாச் சந்திப்புக்கும் போகும் அமைப்புக்கு இது பொருந்தும். நான்கு அமர்வுகள் போதும். ஒத்திகையைப் பதிவுசெய்து, கேட்டுப் பார்த்து, அடுத்த அமர்வில் அதே இடத்தைத் திருத்துபவராக இருந்தால் நல்லது. உங்கள் கதையைக் கேட்டுவிட்டு அறிவுரை மட்டும் சொல்பவர் என்றால் நண்பரோடு டீ குடிப்பதே மேல். உண்மையான சந்திப்பை நன்கொடையாளருக்குத் தெரியாமல் பதிவு செய்துவரச் சொல்பவரிடம் மறு அமர்வுக்குப் போகாதீர்கள்.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருநூறு பெயருக்குள் என்றால் ஒரு எக்செல் தாளே போதும்: பெயர், கடைசியாகக் கொடுத்த நாள், தொகை, எதற்கு, கடைசியாக என்ன பேசினோம், அடுத்து யார் எப்போது பேச வேண்டும். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் எத்தனை விலை உயர்ந்த மென்பொருளும் வெறும் முகவரிப் புத்தகம்தான். சொத்து மதிப்பைத் தேடித் தரும் சேவைகளையும் கூடவே விற்பார்கள். அவை மூன்று கட்டங்களில் வசதி என்ற ஒன்றை மட்டும் நிரப்பும். மற்ற இரண்டை மனிதர்கள்தான் நிரப்ப வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிச் செயலி எதிர்பார்த்ததைவிட உபயோகம், ஆனால் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும். 'கணக்கு விவரம் கேட்டுத் துளைக்கும் நன்கொடையாளராக இரு, எளிதில் சம்மதிக்காதே' என்று முதலிலேயே கட்டளை கொடுத்தால், சங்கடமான கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழக நல்ல துணை. நிர்வாகச் செலவு எவ்வளவு, போன வருட வேலை ஏன் முடியவில்லை போன்ற கேள்விகளுக்கு இரவு பதினொரு மணிக்கும் சளைக்காமல் ஈடுகொடுக்கும். கட்டளை இல்லாவிட்டால் நாலு வரியில் சம்மதித்துவிடும். மௌனத்தை இதனிடம் பழக முடியாது, திரைக்கு முன்னால் யாருக்கும் தொண்டை அரிப்பதில்லை. உண்மையான நன்கொடையாளரின் பெயர், தொகை, குடும்ப விவரம் எதையும் அதில் தட்டச்சு செய்யக் கூடாது.

வசூலில் இத்தனை சதவீதம் தந்தால் நாங்களே கேட்டுத் தருகிறோம் என்று வருபவர்களும் உண்டு. நிதி திரட்டுவதைத் தொழிலாகச் செய்பவர்களின் சங்கமான அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரைசிங் ப்ரொஃபஷனல்ஸின் நெறிமுறையில் சதவீதக் கூலிக்கு இடமில்லை. காரணம் எளிது: தன் பங்குக்காகக் கேட்பவர், இன்று எவ்வளவு கறக்கலாம் என்று பார்ப்பாரே தவிர, அடுத்த வருடமும் அந்த மனிதர் கதவைத் திறப்பாரா என்று பார்க்க மாட்டார். தன்னிடம் கேட்பவர் தொண்டரா, ஊழியரா, கூலிக்கு அமர்த்தியவரா என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் அந்தச் சங்கம் சேர்ந்து உருவாக்கிய நன்கொடையாளர் உரிமைப் பட்டியலில் இருக்கிறது. அவர் கேட்டால் சொல்லியாக வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் பயிற்சியாளரிடம் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எத்தனை முறை தொகையைச் சொல்வார்கள்? எங்கள் அமைப்பின் சொந்தக் கணக்கை வைத்து ஒத்திகை நடக்குமா, பொதுவான கற்பனைக் கதையை வைத்தா? வகுப்பு தமிழில் நடக்குமா, அல்லது விளக்கம் மட்டும் தமிழிலும் ஒத்திகை வேறு மொழியிலுமா? கொடுத்தவருக்கு 48 மணி நேரத்துக்குள் நன்றியும், பணம் எங்கே போனது என்று பிறகு தகவலும் சொல்வது பற்றி ஒரு மணி நேரமாவது உண்டா? மூன்று மாதம் கழித்து ஒரு மறு ஒத்திகை இதே கட்டணத்தில் சேருமா? கடைசிக் கேள்விக்குத் தயங்குபவரிடம் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தொகையைச் சொல்லி, 'ஒரு' போடாமல்.